அரை மணிக்காரர்கள்

தூத்துக்குடியில் என் வேலை சாயங்காலம் ஐந்தரைக்குத் தொடங்கும். அப்போது கனடாவின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் செயின்ட் ஜான்ஸ் நகரில் காலை எட்டரை. அங்குள்ள ஒரு மீன் நிறுவனத்தின் பில்களையும் கன்டெய்னர் பேப்பர்களையும் சரிபார்த்துக் கொடுக்கிறோம். அந்தப் பக்கம் ஆறு வருடமாக என்னோடு பேசுவது ஒரே அம்மாதான். ஐம்பது வயதைத் தாண்டியவர்.

நம் கடிகாரத்தில் இருக்கும் அரை மணி அவர்கள் கடிகாரத்திலும் உண்டு. கிரீன்விச்சுக்கு நாம் ஐந்தரை மணி முன்னால், அவர்கள் மூன்றரை மணி பின்னால். கூட்டினால் முழுசாக ஒன்பது. 1949 வரை அவர்கள் கனடாவோடு சேராமல் தனியாக இருந்தவர்கள், நேரத்தையும் தனியாகவே வைத்துக்கொண்டார்கள். மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், வித்தியாசம் எட்டாகிவிடும். முதல் வருடம் இது தெரியாமல் வழக்கம்போல் ஐந்தரைக்கு வந்து உட்கார்ந்தேன். அந்த அம்மா ஒரு மணி நேரமாகக் காத்திருந்தார். கோபப்படவில்லை. அன்றிலிருந்து மார்ச் பிறந்ததும் அவரே ஞாபகப்படுத்திவிடுவார்.

மணிக்கணக்கு பழகிவிட்டது. வெளிச்சக் கணக்கு பழக நாளானது. எங்கள் ஊரில் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய ஒரே அளவு, மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம் கூடும், குறையும். அங்கே டிசம்பரில் பகல் எட்டரை மணி நேரம்தான், ஜூனில் பதினாறு.

ஒருமுறை ஒரு பில்லில் 'மீன்' என்று மட்டும் இருந்தது. எந்த மீன் என்று கேட்டேன். "மீன் என்றால் காட் (cod) மீன்தான். மற்றதற்கெல்லாம் பெயர் சொல்லுவோம்" என்றார். எங்கள் வீட்டில் சீலா, ஊளி, பாறை என்று பெயர் சொல்லித்தான் பேசுவோம். ஒரே ஒரு மீனை நம்பி ஒரு தீவே வாழ்ந்திருக்கிறது என்பது அந்த ஒரு சொல்லில் எனக்குப் புரிந்தது. அந்த மீன் அற்றுப்போகும் நிலைக்கு வந்ததால் 1992 ஜூலையில் அதைப் பிடிக்கத் தடை போட்டார்கள். இரண்டு வருடத்துக்கு என்றுதான் சொன்னார்கள். சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. அவருடைய அப்பாவும் அதில் ஒருவர். தடை விலகியது 2024-ல்தான். அப்போது அப்பா உயிரோடு இல்லை.

நான் தமிழன் என்று தெரிந்த அன்று அவர் சொன்னது இன்னொரு கதை. 1986 ஆகஸ்டில், சரக்குக் கப்பலில் வந்த 155 இலங்கைத் தமிழர்களை அந்தத் தீவை ஒட்டிய கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிட்டு அந்தக் கப்பல் போய்விட்டது. கஸ் டால்ட்டன் என்ற மீனவர் அவர்களைக் கண்டார், மற்ற படகுகளும் வந்து காப்பாற்றின. அந்த அம்மா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாராம். "கடலில் ஆளைக் கண்டால் ஏற்றிக்கொள்ளாமல் வருவார்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார். எங்கள் கடற்கரையிலும் இதையேதான் சொல்வார்கள். எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை.

ஆகஸ்டில் இரண்டு ஊருக்கும் விடுமுறை உண்டு. எங்களுக்கு ஐந்தாம் தேதி பனிமய மாதா கோவில் திருவிழா. அவர்களுக்கு முதல் புதன்கிழமை படகுப் போட்டி. காற்று பலமாக இருந்தால் போட்டி தள்ளிப்போகும், விடுமுறையும் கூடவே தள்ளிப்போகும். லீவா இல்லையா என்று அன்று காலையில்தான் தெரியும். அப்படி ஒரு விடுமுறையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இங்கே ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். போன வருடம் தடை முடிந்து படகுகள் கிளம்பிய விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய் வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். இங்கே மணி ஐந்து, இன்னும் இருட்டு. அங்கே முந்தைய நாள் இரவு ஒன்பது, சூரியன் அப்போதுதான் இறங்குகிறதாம். உடனே பதில் வந்தது: "அப்பா இருந்தால் முதலில் படகுகளின் பெயரைக் கேட்டிருப்பார்."

வீடியோவைத் திரும்பப் போட்டு, விளக்கு வெளிச்சத்தில் தெரிந்த பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினேன்.