மண்ணைப் படித்தவர்களும் வாக்குக் கேட்பவர்களும்

நாம் தெரிவு செய்யாத நிபுணர்களுக்குக் கொள்கை வகுப்பில் என்ன உரிமை என்று நண்பர் ஒருவர் கேட்டபோது, எனக்கு இலங்கையில் 2021ஆம் ஆண்டு வந்த இரசாயனப் பசளைத் தடையே நினைவுக்கு வந்தது. தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து ஆண்டுகளில் நடக்கும் என்று சொல்லப்பட்ட இயற்கைப் பசளைக்கான மாற்றத்தை அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஒரே அடியாகச் செய்ய முனைந்தார். விளைச்சல் விழும் என்று விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தது எடுபடவில்லை. நவம்பரில் தடை நீக்கப்படுவதற்குள் எங்கள் மலையில் தேயிலை வெளிறிப்போய், நாள் முழுவதும் கொழுந்து பறித்தும் அம்மாவுக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான், விழுந்தது. (கிலோ குறைந்தால் கூலி குறையும் என்பதை அறிய விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை.)

ஆயினும் நிபுணர்களிடமே அனைத்தையும் ஒப்படைத்துவிடலாம் என்றும் நான் கருதவில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களைப் புதைத்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்திருந்தது. அறிக்கை சரியானதே. ஆனால், சொந்தமாக ஒரு பேர்ச்சஸ் காணிகூட இல்லாதவர்களை வெளியேறச் சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்? காணி கொடுக்கும் அதிகாரம் மண்ணை ஆராய்ந்தவரிடம் இல்லை, வாக்குக் கேட்டு வந்தவரிடமே இருந்தது.

இப்போதும் மண்சரிவுக்கான சிவப்பு எச்சரிக்கை வந்தால், அடையாள அட்டைகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு பாடசாலைக்குப் போய்விடுகிறோம். மழை விட்டதும் அதே லயத்துக்குத்தான் திரும்பி வருகிறோம்.