ஆச்சியின் 5,000 ரூபாவைத் தேடிப் போன கதை

2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்குக்காக இலங்கை அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபா ஆச்சிக்குக் கிடைத்தது. மே மாதக் காசு வரவில்லை. விதானையார் (கிராம அலுவலர்), வறிய குடும்பங்களுக்கான அரச உதவித் திட்டமான சமுர்த்தியின் உத்தியோகத்தரைக் கைகாட்டினார். அவர் "மேலயிருந்து வரேல்லை" என்றார். பக்கத்து வளவுக்கு மட்டும் எப்படி வந்தது என்று ஆச்சி கேட்டதற்கு இருவரிடமும் பதில் இல்லை.

சரி, எழுதியே கேட்போம் என்று பிரதேச செயலகத்துக்குப் போனேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தகவல் கேட்கக் காரணம் சொல்லத் தேவையில்லை. மேசையில் இருந்தவரோ மூன்று தரம் "என்னத்துக்கு?" என்றார். விண்ணப்பம் கிடைத்ததாகத் திகதியோடு எழுதித் தரும்வரை நகராமல் நின்றேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதால் அந்தத் திகதிதான் எல்லாம்.

பிழை என்னிலும் இருந்தது. காசு எடுத்த எல்லோருடைய பெயரையும் கேட்டிருந்தேன். தனிப்பட்ட விபரம் என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். மேன்முறையீடு செய்திருக்கலாம். ஆனால் எனக்கு வேண்டியது ஊராரின் பெயர்கள் இல்லையே! புதிதாக எழுதினேன்: மே மாதத்துக்கு எங்கள் கிராம அலுவலர் பிரிவுக்கு வந்த தொகை, கொடுத்த தொகை, திருப்பி அனுப்பிய தொகை, அதற்கான சுற்றறிக்கை. கூடவே ஆச்சியின் பெயருள்ள பக்கம். சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தால் அவருடைய விபரத்தைக் கொடுக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆச்சி நடுங்கும் கையால் ஒப்பமிட்டார்.

14 வேலை நாட்கள் போயும் சத்தமில்லை. அதே கந்தோரில் மேன்முறையீட்டைப் பார்க்கவென்று குறித்தளிக்கப்பட்ட அலுவலர் ஒருவர் இருப்பார். அவருக்கு எழுதினேன். அவருக்கு மூன்று கிழமை தவணை, அதற்குள்ளேயே கடிதம் வந்துவிட்டது. இல்லாவிட்டால் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுத இருந்தேன். சுற்றறிக்கை முழுக்கச் சிங்களம். சந்திக் கடைத் தம்பிதான் வாசித்துச் சொன்னான்.

காசு வந்திருக்கிறது. ஆச்சியின் பெயருக்கு நேரே கையெழுத்து இல்லை, "வீட்டில் இல்லை, பணம் திருப்பி அனுப்பப்பட்டது" என்று ஒரு குறிப்பு. மாவட்டம் தாண்டவே தடை இருந்த நாட்களில், பொல்லூன்றி நடக்கிற ஆச்சி எங்கே போயிருப்பார்?

வாசித்துக் காட்டினேன். "அந்த மாதம் முழுக்க இந்தத் திண்ணையிலதானே இருந்தனான். இல்லையெண்டு எழுதினது ஆர்?" என்றார்.

தாளில் பெயர் இல்லை. அடுத்த விண்ணப்பத்தில் அதைத்தான் கேட்டிருக்கிறேன்.