ஒன்பது சுருளில் ஒன்று தலைகீழ்

நேற்று இரவு ஒன்பது மணிக்கு மேல் காற்று எழுந்தது. ஆம்பியர் மீட்டரின் முள் முதலில் துடித்தது, பிறகு மெல்ல ஏறி 1.4-இல் நிலைத்தது. பேட்டரியில் 12.9 வோல்ட். பெருக்கிப் பார்த்தால் 18 வாட். வீட்டிலேயே ஒரு சிறு காற்றாலை செய்து, நான்கு மாதமாக இந்த முள்ளைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன்.

முதலில் அளவுகள். இறக்கை வட்டத்தின் விட்டம் 1.2 மீட்டர், மூன்று இறக்கைகள், பி.வி.சி. குழாயில் வெட்டியவை. இரண்டு இரும்புத் தட்டுகள், தட்டுக்கு 12 நியோடிமியம் காந்தங்கள், ஒவ்வொன்றும் 25 மி.மீ. விட்டம், 10 மி.மீ. தடிமன். நடுவில் ஒன்பது சுருள்கள் கொண்ட ஸ்டேட்டர், அதாவது சுழலாமல் நின்று மின்சாரம் தரும் பகுதி. சுருளுக்கு 70 சுற்று, 0.9 மி.மீ. எனாமல் கம்பி. மூன்று ஃபேஸ், அதாவது தலா மூன்று சுருள்கள் கொண்ட மூன்று தொகுதிகள். ஸ்டார் இணைப்பு, அதாவது ஒவ்வொரு தொகுதியின் ஒரு முனையையும் ஒரே முடிச்சில் சேர்த்து, மறுமுனையை வெளியே விடுவது. இதையெல்லாம் செய்து பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. நான் சொல்ல வந்தது முதல் ஸ்டேட்டர் ஏன் பாழானது என்பதை.

முதல் ஸ்டேட்டரும் மின்சாரம் தந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. ஒன்றுமே வராமல் இருந்திருந்தால் அன்றைக்கே பிரித்துப் பார்த்திருப்பேன். நல்ல காற்றிலும் அரை ஆம்பியரைத் தாண்டவில்லை. பேட்டரியை இணைத்ததும் கம்பம் முழுவதும் உறுமியது. குற்றம் இறக்கையில்தான் என்று முடிவு கட்டினேன். இரண்டு வாரம் இறக்கையின் விளிம்பைத் தேய்த்தேன், கோணத்தை மாற்றினேன், எடை சமன் பார்த்தேன். உறுமல் அப்படியே இருந்தது.

பிறகு இறக்கைகளைக் கழற்றிவிட்டு, தண்டை டிரில்லில் மாட்டிச் சுற்றினேன். மகள் டிரில்லைப் பிடித்துக்கொண்டாள், நான் மல்டிமீட்டரைப் பிடித்தேன். வேகத்தை அளக்கத் தனிக்கருவி வேண்டியதில்லை. 12 காந்தம் என்றால் 6 ஜோடி, ஒரு சுற்றுக்கு 6 அலை. மல்டிமீட்டரை ஹெர்ட்ஸில் வைத்து 30 காட்டும்படி சுற்றினால் தண்டு நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றுகிறது என்று பொருள். அந்த வேகத்தில் வெளியே வரும் மூன்று கம்பிகளை இரண்டிரண்டாக அளந்தேன். 12.1, 8.4, 8.4 வோல்ட்.

"அப்பா, ஒன்று மட்டும்தான் சரியாக இருக்கிறதா, ஒன்று மட்டும்தான் தவறா?" என்று மகள் கேட்டாள். சரியான கேள்வி. குறைவாகக் காட்டிய இரண்டு ஜோடிக்கும் பொதுவாக ஒரு கம்பி இருந்தது. அந்தக் கம்பியின் ஃபேஸில்தான் குறை.

என்ன குறை என்பதையும் இந்த எண்களே சொல்லிவிடுகின்றன. ஸ்டார் இணைப்பில் ஒரு ஃபேஸில் 7 வோல்ட் வந்தால் இரண்டு கம்பிகளுக்கு இடையே 12.1 வர வேண்டும், அதாவது 1.73 மடங்கு. ஒரு ஃபேஸை மொத்தமாகத் தலைகீழாக இணைத்திருந்தால் அதைச் சேர்ந்த இரண்டு அளவும் 7 ஆகக் குறைந்திருக்கும். எனக்கு வந்ததோ 8.4. மூன்று சுருள்களில் ஒன்று மட்டும் எதிர்த்திசையில் இருந்தால், இரண்டில் ஒன்று கழிந்து மூன்றில் ஒரு பங்கு மின்னழுத்தமே அந்த ஃபேஸில் மிஞ்சும். அதை 120 பாகைக் கோணத்தில் காகிதத்தில் வரைந்து அளந்தால் கச்சிதமாக 8.4 கிடைக்கிறது. ஆக, ஒரே ஒரு சுருள் புரண்டு கிடக்கிறது. உறுமலுக்கும் அதுவே காரணம்: மூன்று ஃபேஸும் சமமாகச் சுமை இழுக்காதபோது தண்டின் மீது விழும் இழுப்பும் விட்டு விட்டு விழுகிறது.

கண்டுபிடித்தும் பயன் இல்லை. சுருள்களை மட்டுமல்ல, ஸ்டார் முடிச்சைக்கூட ரெசினுக்குள் (ஊற்றியபின் கல்லாக இறுகும் பிசின்) புதைத்துவிட்டிருந்தேன். ரம்பத்தால் அறுத்தேன். ரெசின் தூளின் நெடி இரண்டு நாள் போகவில்லை. ஆறாவது சுருள் வெளிப்பட்டதும் மற்றவற்றோடு வைத்துப் பார்த்தேன். மற்ற எட்டிலும் உள்முனையிலிருந்து கிளம்பும் கம்பி வலஞ்சுழியாகப் போகிறது, இதில் மட்டும் இடஞ்சுழி. சுற்றியது ஒரே திசையில்தான். டேப் ஒட்டிய பிறகு சுருளின் இரண்டு முகங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ரெசின் ஊற்றும் அச்சில் அடுக்கும்போது ஒன்றைக் குப்புற வைத்துவிட்டேன்.

இரண்டாவது ஸ்டேட்டரில் மூன்று மாற்றங்கள் செய்தேன். சுற்றும் கட்டையிலிருந்து கழற்றும் முன்பே சுருளின் மேல்முகத்தில் சிவப்பு மை வைத்தேன். உள்முனைக்கு மட்டும் மஞ்சள் உறை மாட்டினேன். ஸ்டார் முடிச்சை உள்ளே போடாமல் ஆறு முனைகளையும் வெளியே கொண்டுவந்தேன். இப்படிச் செய்தால் ஒரு ஃபேஸ் முழுதாக மாறிப்போனாலும் வெளியே இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டுச் சரிசெய்துவிடலாம். ஒற்றைச் சுருள் மாறினால் மட்டும் வழியில்லை. அதை ரெசின் ஊற்றும் முன்பே பிடித்தாக வேண்டும்.

பிடிக்கும் முறை இதுதான். ஒரு ஃபேஸின் மூன்று சுருள்களையும் இணைத்த பிறகு, 1.5 வோல்ட் பெரிய செல் ஒன்றைச் சில விநாடி தொட்டுக் காட்டவும். ஒரு சிறு தட்டைக் காந்தத்தை நூலில் கட்டி, ஒரே முகம் எப்போதும் கீழே இருக்கும்படி, மூன்று சுருள்களின் நடுவிலும் மாறி மாறித் தொங்கவிடவும். மூன்றும் இழுக்க வேண்டும், அல்லது மூன்றும் தள்ள வேண்டும். 12 காந்தம், 9 சுருள் அமைப்பில் ஒரு ஃபேஸின் மூன்று சுருள்களும் ஒரே நேரத்தில் ஒரே துருவத்தைப் பார்ப்பதால் இந்தச் சோதனை தவறாது. இழுக்கும் இடத்தில் காந்தம் துளையை நோக்கி விறைத்து நிற்கும், தள்ளும் இடத்தில் நூலை முறுக்கிக்கொண்டு புரளும். காந்தத் தட்டுகளை மட்டும் வேறு அறையில் வைத்துவிடுங்கள். அவை பக்கத்தில் இருந்தால் நூல் காந்தம் அந்தப் பக்கமே ஓடும். இந்தச் சோதனையை ஐந்து முறை செய்தேன். ஐந்தாவது முறை தேவையில்லைதான், ஆனாலும் கை கேட்கவில்லை.

ரெசினில் அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் போகவில்லை. முதல் தடவை அவசரத்தில் கூடுதலாக விட்டு, சூடேறி விரிசல் விழுந்தது. டால்க் பவுடர் கலந்தால் சூடு குறைகிறது, ஓட்டமும் குறைகிறது. அதனால் அடியில் பவுடர் இல்லாத ஒரு கை ரெசினை முதலில் ஊற்றி, கண்ணாடி இழைத் துணி நன்றாக நனைந்த பிறகே கலவையை ஊற்றினேன். காய்ந்ததும் ஸ்டேட்டரின் தடிமன் 10 மி.மீ., இருபுறமும் ஒன்றரை மி.மீ. இடைவெளி. கையால் சுற்றினால் எங்கும் உரசவில்லை.

காந்தம் வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. நான் வாங்கிய 24-இல் மூன்றின் நிக்கல் பூச்சு விளிம்பில் உடைந்திருந்தது. விற்றவர் "அது வேலை செய்யும்" என்கிறார். இன்றைக்கு வேலை செய்யும், பூச்சு போன இடத்தில் ஈரம் பட்டால் துருப்பிடித்து உப்பிவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. மூன்றையும் மாற்றித் தரச் சொல்லி மாதம் ஒன்று கடந்தது. பெட்டியைத் திறந்தவுடன் ஒவ்வொன்றையும் விளக்கொளியில் திருப்பிப் பாருங்கள். கம்பியில் அந்தத் தொல்லை இல்லை. மோட்டார் சுற்றுபவர்களிடம் எடைக்கு வாங்கினேன், தரம் அருமை.

மூன்று இறக்கை போதுமா, ஆறு வைத்தால் கூடுதல் மின்சாரம் வராதா என்று பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். 1888-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சார்லஸ் பிரஷ் தம் வீட்டுத் தோட்டத்தில் நிறுவிய காற்றாலைக்கு 144 இறக்கைகள். 17 மீட்டர் விட்டம் இருந்தும் அதன் டைனமோ தந்தது 12 கிலோவாட்தான். வேகமாகச் சுழலும் சில இறக்கைகளே மின்சாரத்துக்கு ஏற்றவை என்பதை டென்மார்க்கின் பவுல் லா கூர் சில ஆண்டுகளிலேயே சோதனை செய்து காட்டிவிட்டார். எண்ணிக்கை கூடினால் மெல்லிய காற்றிலும் அசையும், சுழற்றும் விசை கிடைக்கும்; நீர் இறைக்க அது நல்லது. நமக்கு வேண்டியது சுற்று வேகம். எத்தனை இறக்கை வைத்தாலும் காற்றின் ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. என் அமைப்பு முழுவதும் சேர்ந்து கால் பங்கு எடுத்தாலே எனக்குத் திருப்தி. இறக்கையைக் கூட்டுவதைவிடக் கம்பத்தை உயர்த்துவதே மேல். காற்றின் வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்காகிறது.

அதனால் அடுத்த வேலை கம்பம்தான். இப்போதைய 6 மீட்டரை 9 ஆக்கி, நான்கு பக்கமும் இழுவைக் கம்பி கட்ட எண்ணம். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் டயோடுகளையும் இழப்பு குறைந்த ஷாட்கி வகைக்கு மாற்ற வேண்டும். இப்போது அந்த டயோடு இணைப்பில் மட்டும் 1.4 வோல்ட் வீணாகிறது, 12 வோல்ட் அமைப்பில் அது சிறிய இழப்பு அல்ல. மரத்தில் இறக்கை செதுக்கும் ஆசையும் இருக்கிறது. பலகை எடுத்து வைத்துவிட்டேன்.

ஆனால் வால் இன்னும் முடியவில்லை. புயல் காற்றில் இறக்கைகள் தாமாகவே பக்கவாட்டில் திரும்பி ஒதுங்க வால் மடங்க வேண்டும். அந்தச் சாய்ந்த கீலைப் பற்றவைக்கும் கோணம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 20 பாகையில் வைத்த முதல் கீல் சாதாரணக் காற்றிலேயே மடங்கிவிட்டது. வாலை இன்னும் கனமாக்குவதா, சாய்வைக் கூட்டுவதா என்று அட்டையில் வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை காற்று பலமானால் கீழே உள்ள சுவிட்சைப் போட்டு மூன்று ஃபேஸின் கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்து ஷார்ட் செய்துவிடுகிறேன். இரண்டு மூன்று சுற்றில் வேகம் தணிந்து இறக்கைகள் ஊர்ந்தபடி நின்றுவிடுகின்றன. பேட்டரியை மட்டும் சுழலும்போது கழற்றுவதே இல்லை. சுமை போனால் அது எவ்வளவு வேகத்தில் பறக்கும் என்பதை ஒருமுறை பார்த்துவிட்டேன். நேற்றும் படுக்கப் போகும் முன் சுவிட்சைப் போட்டுவிட்டேன். அப்போது பேட்டரியில் 13.1 வோல்ட் இருந்தது.