கால் மாற்றிக் கால் நொண்டிய வீரா

வாசல் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே பாய்ந்து வரும் எங்கள் ஜெர்மன் ஷெப்பர்ட் வீரா, ஏழு மாதம் முடிந்த வாரத்தில் ஒரு காலை, இடது முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் மூன்று காலில் மெல்ல நடந்து வந்தான். மாடிப்படியில் உருண்டிருப்பான், சுளுக்காக இருக்கும் என்று விட்டுவிட்டோம். ஐந்தாறு நாளில் சரியானது. பத்து நாள் கழித்து வலது பின்னங்காலை இழுக்கத் தொடங்கியபோதுதான் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அவர் முதலில் ஒவ்வொரு மூட்டையும் மடக்கி நீட்டிப் பார்த்தார்; வீரா சும்மா இருந்தான். பிறகு மூட்டை விட்டு, தொடை எலும்பின் நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தியதும் வீறிட்டு, அவர் மணிக்கட்டைக் கவ்வினான். ஆனால் பல் பதிக்கவில்லை. எக்ஸ்ரேயில், கருமையாகத் தெரிய வேண்டிய எலும்பின் உட்குழியில், சுண்ணாம்பு தொட்ட விரலை ஒற்றியெடுத்தது போல ஒரு வெளுத்த திட்டு இருந்தது. இதற்குப் பெயர் பேனோஸ்டியைட்டிஸ் என்றும், 5 முதல் 18 மாத வயதுக்குள் பெரிய இன நாய்களுக்கு, குறிப்பாக ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் அதிலும் ஆண் குட்டிகளுக்கும் அதிகம் வருவது என்றும், ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வாரம் வலித்து, அடங்கி, வேறொரு காலில் மறுபடி தலைகாட்டும் என்றும், வளர்ந்து முடிந்ததும் தானாகவே நின்றுவிடும் என்றும் விளக்கினார்.

அடுத்து அவர் கேட்டது, என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள் என்பது. பெரிய ஜாதி நாய், எலும்பு பலமாக வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, தினமும் சோற்றில் இரண்டு மூடி கால்சியம் டானிக் ஊற்றிக்கொண்டிருந்தேன். இந்த வலிக்குக் காரணம் இன்னதென்று மருத்துவத்தில் இன்னும் உறுதியாகவில்லை, எனவே டானிக்கின் மேல் பழி போட முடியாது என்று அவர் நியாயமாகவே சொன்னார். ஆனால் தேவைக்கு மேல் வரும் கால்சியத்தை வேண்டாமென்று தள்ளும் பக்குவம் குட்டியின் குடலுக்கு இல்லை என்பதால், அது உள்ளே போய் எலும்பும் குருத்தெலும்பும் வளரும் ஒழுங்கையே கெடுக்கக்கூடும். அன்றே பாட்டில் குப்பைக்குப் போனது. பெரிய இனக் குட்டிகளுக்கான உணவை அளந்து போடுகிறோம். கொழுகொழுவென்று வளர்ப்பதில் எனக்கிருந்த பெருமையையும் குறைத்துக்கொண்டேன்.

வலிக்கு, அவன் எடையைப் பார்த்து, சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கும்படி சில நாளுக்கு மாத்திரை எழுதினார். வீட்டில் அம்மாவின் மூட்டுவலி மாத்திரையில் பாதியைக் கொடுத்தால் என்ன என்ற பேச்சும் எழுந்தது. ஐபுபுரூஃபன் போன்ற மனித மருந்துகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் பழுதாக்கும் என்று அவர் முன்பே எச்சரித்திருந்ததால் தப்பித்தோம்.

உண்மையில் பெரிய தொல்லை எங்கள் வழவழப்பான டைல்ஸ் தரைதான். நொண்டும் நாய் அதில் எழும்போதெல்லாம் கால் பரப்பிச் சறுக்கியது. கூடத்திலிருந்து சமையலறை வரை தென்னைநார் மிதியடிகளை வரிசையாகப் போட்டு, மாடிப்படியை ஒரு பலகையால் அடைத்தேன். வலி உள்ள நாட்களில் நடை என்பது தெருமுனை வரை மட்டுமே. பந்து எறிவது கிடையாது.

எந்தக் கால், எந்தத் தேதி என்று என் மகன் மாதக் காலண்டரில், இடது முன்னங்காலுக்கு 'இ.மு.', வலது பின்னங்காலுக்கு 'வ.பி.' என எழுதி வைக்கிறான். மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்கிறார், ஏனெனில் ஒரே கால் மாதக்கணக்கில் நொண்டினாலோ, மூட்டு வீங்கினாலோ, அது முழங்கை அல்லது இடுப்பு மூட்டின் கோளாறாக இருக்கலாம், அதைக் காத்திருந்து பார்க்கக் கூடாது.

வீராவுக்கு இப்போது 14 மாதம். காலண்டரில் கடைசியாக இருப்பது, ஆறு வாரத்துக்கு முந்தைய ஒரு 'இ.பி.'. மாடிப்படிப் பலகையை மூக்கால் தள்ளித் திறக்க நேற்றுக் கற்றுக்கொண்டுவிட்டான். இன்று அதற்கு ஒரு கொக்கி வாங்க வேண்டும்.