உள்ளே ஒண்ணும் இல்லைம்மா

"தம்பி, துட்டன்காமுன் கல்லறை நம்ம டிக்கெட்டில் வருமா?"

"அது தனி டிக்கெட்ம்மா. உள்ளே ஒண்ணும் இல்லை. இருந்ததை எல்லாம் கெய்ரோவுக்குக் கொண்டுபோயிட்டாங்க. முந்தாநாள் மியூசியத்தில் தங்க முகமூடி பார்த்தோமே, அதெல்லாம் இங்கிருந்து போனதுதான்."

"அப்படியா" என்றார் டீச்சரம்மா. திறந்து வைத்திருந்த பர்ஸின் ஜிப்பை இழுத்து மூடினார்.

எகிப்தில், பழங்கால ராஜா துட்டன்காமுனின் கல்லறைக்கு வெளியே நடந்தது இவ்வளவுதான். அரை நிமிடம்கூட இருக்காது. 11 வருடமாக டூர் மேனேஜராக இருக்கிறேன். பாஸ்போர்ட்டை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்கியவர், கப்பலில் நடுராத்திரி நெஞ்சுவலி என்று படுத்தவர் என்று எத்தனையோ பார்த்தாயிற்று. அவை எல்லாம் இப்போது கல்யாண வீட்டில் சொல்லிச் சிரிக்கிற கதைகள். இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் "இதில் என்ன இருக்கு?" என்பார்கள்.

என் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மே மாதம். காலை ஏழு மணிக்கே, லக்சர் ஊர்ப்பக்கம் ராஜாக்களின் கல்லறைகள் இருக்கிற மன்னர்களின் பள்ளத்தாக்கில் பாறை சுட ஆரம்பித்துவிட்டது. 28 பேர், அதில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். பொது டிக்கெட்டில் மூன்று கல்லறைகள் பார்க்கலாம். துட்டன்காமுன், முதலாம் சேத்தி, ஐந்தாம் ஆறாம் ராம்செஸ் இருவருக்கும் சேர்ந்த கல்லறை, இவற்றுக்கெல்லாம் தனித்தனியாகக் காசு. கவுன்ட்டரில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், கார்டுதான். டீச்சரம்மாவிடம் கார்டு கிடையாது. அவருக்கு நான் என் கார்டைத் தேய்த்தால், பின்னால் நிற்கிற ஆறு பேர் "எங்களுக்கும் போட்டுடுங்க" என்பார்கள். அப்புறம் ஹட்செப்சுட் கோயில், மெம்னான் சிலைகள். மதியம் ஒரு மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும்.

இன்னொன்று, நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அந்தக் கல்லறை சின்னதுதான். சித்திரம் தீட்டியிருப்பது ஒரே ஒரு அறையில். அதிலிருந்து எடுத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களை வெளியே கொண்டுவர, கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டருக்குப் பத்து வருடம் பிடித்தது என்றால், மிச்சம் இருப்பது வெறும் அறைகள்தானே? எங்கள் எகிப்திய கைடே பல குரூப்களிடம் "பெயர் பெரிது, இடம் சிறிது" என்றுதான் சொல்வார். கல்லறைக்குள் விளக்கம் சொல்ல கைடுகளுக்கு அனுமதி இல்லை. எல்லாவற்றையும் வெளியே பலகை முன்னால் நிறுத்தித்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கும் அவர் பலகை முன்னால் நின்று "துட் யாருக்கும் வேண்டாமா?" என்று என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

ஆனால் "சின்னது" என்பது வேறு, "ஒண்ணும் இல்லை" என்பது வேறு. நான் சொன்னது இரண்டாவதை. அதுவும் என் சொந்தச் சொல் இல்லை. இந்த வேலைக்கு வந்த புதிதில் என் சீனியர் சொல்லிக் கொடுத்தது: "யாராவது துட்டன்காமுன்னு ஆரம்பிச்சா, உள்ளே ஒண்ணும் இல்லைன்னு முடிச்சுடு. இல்லேன்னா ஒரு மணி நேரம் காலி." ஆறு தடவை லக்சருக்குக் குரூப் கூட்டிப்போயிருந்தேன். ஆறு தடவையும் இதே வாக்கியம். ஒரு தடவைகூட நான் அதற்குள் இறங்கிப் பார்த்ததில்லை.

டீச்சரம்மா திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் முப்பது வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். நாத்தனாரோடு வந்திருந்தார். வலது முழங்கால் சரியில்லை, கைத்தடி. ஆனால் கர்னாக் கோயிலில் 134 தூண்கள் இருக்கிற மண்டபத்தில் கடைசி வரிசை வரைக்கும் நடந்துவிட்டுத்தான் திரும்பினார். கைடிடம் குசைர் துறைமுகத்தைப் பற்றிக் கேட்டவரும் இவர் ஒருவர்தான். செங்கடல் கரையில் அந்தப் பழைய துறைமுகத்தில் தமிழ் பிராமி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன, அதில் ஒன்று சாத்தன் என்று பஸ்ஸில் எல்லோருக்கும் சொன்னார். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று விடிகாலை பஸ்ஸில் என் பின் சீட்டில்தான் இருந்தார். நாத்தனாரிடம் கார்ட்டர் கதை ஓடிக்கொண்டிருந்தது. 1922 நவம்பர், சுவரில் சின்ன ஓட்டை போட்டு மெழுகுவர்த்தியை நீட்டிக் கார்ட்டர் எட்டிப் பார்க்கிறார், தோண்டுவதற்குப் பணம் போட்டுவிட்டுப் பின்னால் நிற்கிற கார்னர்வன் பிரபு "ஏதாவது தெரிகிறதா?" என்று தவிக்கிறார். "இந்த இடத்தில் நிறுத்திடுவேன். மீதி நாளைக்குன்னு சொன்னா பிள்ளைங்க கத்தும்" என்று டீச்சரம்மா சிரித்தது எனக்குக் கேட்டது. கேட்டுவிட்டுத்தான், இரண்டு மணி நேரம் கழித்து, "உள்ளே ஒண்ணும் இல்லைம்மா" என்றேன். கேட்காமல் இருந்திருந்தால் இவ்வளவு உறுத்தாதோ என்னவோ.

மூன்று கல்லறைகளும் நன்றாகவே போயின. நான்காம் ராம்செஸ் கல்லறை அகலம், முழங்கால்காரர்களுக்குத் தோது. கூரை முழுக்க நீண்டு கிடக்கிற நூத் என்கிற வான தேவியின் சித்திரத்தை டீச்சரம்மா கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்த்தார்.

பஸ்ஸில் ஏறியபிறகுதான் வந்தது வினை. குரூப்பில் ஒரு இளம் ஜோடி. என்னிடம் கேட்காமலே தங்கள் கார்டில் டிக்கெட் எடுத்து உள்ளே போய்விட்டு வந்திருக்கிறார்கள். அந்தப் பெண் டீச்சரம்மாவிடம், "ஆன்ட்டி, அவன் அங்கேயே படுத்திருக்கான். கண்ணாடிப் பெட்டிக்குள்ள. முகம் கருகருன்னு. கால் விரலெல்லாம் தெரியுது" என்றாள்.

"அவன் அங்கேதான் இருக்கானா?"

"ஆமா ஆன்ட்டி."

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே, தம்பி."

கோபமே இல்லை. விடைத்தாளில் தப்பைச் சுட்டுகிற குரல். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொருள் ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன்ம்மா." தப்பை மறைக்கிற மாணவன் சொல்கிற பதில். "சரி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து நாத்தனாரிடம், "ப்ளஸ் டூ முடிச்ச பையன் வயசுதான் இருக்கும் அவனுக்கு" என்றார். 19 வயதுக்குள் செத்துப்போன ராஜா. 2007-இல் அவன் உடலைக் கல் பெட்டியிலிருந்து எடுத்துக் கண்ணாடிப் பேழையில் வைத்தார்கள் என்பதை நான் அன்று இரவு கப்பலில் போனில் தேடிப் படித்தேன். தங்கமெல்லாம் ஊர் மாறிப் போய்விட, ஆள் மட்டும் அங்கேயே.

சரி, நேரம் இல்லை என்றேன் அல்லவா? அதற்கு அடுத்த நிறுத்தம் அலபாஸ்டர் கடை. வாசலில் ஒருவர் கல்லைக் குடைந்து காட்டுவார், "இந்தியா! அமிதாப் பச்சன்!" என்று கூவுவார்கள், கையில் சிவப்பு கர்க்கடே டீ. அங்கே 45 நிமிடம். அது எங்கள் அட்டவணையில் அச்சாகாத, ஆனால் ஒருபோதும் தவறாத நிறுத்தம். கமிஷன் உண்டு, அதில் எனக்கும் பங்கு உண்டு. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்தச் சம்பளத்தில் அது இல்லாமல் குடும்பம் நடத்த முடியாது. டீச்சரம்மா எதுவும் வாங்கவில்லை. நிழலில் பெஞ்சில் உட்கார்ந்து கைத்தடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டிருந்தார். 16 படி இறங்கி ஏற அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நான் அங்கே நின்று கணக்குப் போட்டேன். எப்படிப் போட்டாலும் 45 நிமிடம் வரவில்லை.

சில நாள் எனக்கே எரிச்சலாக வரும். உண்மையிலேயே பார்த்தே தீர வேண்டும் என்றிருந்தால் அவர் இன்னொரு தடவை கேட்டிருக்கலாமே? ஒரு பேச்சுக்குக் கேட்டிருப்பார், நான்தான் அதைப் பெரிதாக்குகிறேன். ஆனால் பேச்சுக்குக் கேட்கிறவர் பர்ஸைத் திறப்பாரா? முப்பது வருடம் ஒரு அறையைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தவர், அந்த அறைக்கு நூறு அடி தள்ளி நின்றுகொண்டு நான் சொன்னதை நம்பினார். சட்டைப் பையில் அடையாள அட்டை தொங்குகிறவன் சொன்னால் நம்ப வேண்டியதுதானே.

டூர் முடிவில் கருத்துப் படிவம் கொடுப்போம். எல்லாக் கட்டத்திலும் நல்ல மதிப்பெண். கடைசியில் குண்டு குண்டான கையெழுத்தில்: "நன்றி. உணவு நன்றாக இருந்தது." இந்த இரண்டு வாக்கியத்தை நான் எத்தனை விதமாகப் படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த ஜனவரியில் மறுபடி லக்சர். இந்தத் தடவை எனக்கு நானே ஒரு டிக்கெட் எடுத்தேன். படிகள், சரிவான பாதை, அப்புறம் அந்த அறை. ஒரு பக்கம் கண்ணாடிப் பேழை. வெள்ளைத் துணி போர்த்தி, முகமும் பாதமும் மட்டும் வெளியே. மறுபக்கம் தீட்டிய சுவர், பன்னிரண்டு குரங்குகள், சுவரெங்கும் பழுப்புப் புள்ளிகள். நெஞ்சு அடைத்தது, கண் கலங்கியது என்றெல்லாம் எழுதத்தான் ஆசை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேலே குரூப் காத்திருக்கிறதே என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஏழெட்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் யாராவது கேட்டால், "சின்ன இடம். தனிக் காசு. ஆனா அவரோட உடம்பு உள்ளே இருக்கு" என்கிறேன். கார்டு இல்லாதவர்களுக்கு என் கார்டைத் தேய்க்கிறேன், ஊருக்கு வந்தபின் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு. அந்த ஜனவரியில் நான்கு பேர் போனார்கள். முதலில் வெளியே வந்த பெரியவர் கைக்குட்டையால் பிடரியைத் துடைத்தபடி நேராக என்னிடம் வந்தார்.

"என்ன சார், உள்ளே ஒண்ணுமே இல்லை? இதுக்கா இவ்வளவு காசு?"

நான் பதில் சொல்வதற்குள், "அது கிடக்கட்டும், அந்தக் கல்லுச் சாமான் கடைக்கு எப்போ போறோம்?" என்றார்.