ஆக்சிமீட்டர் 97 காட்டியது

2021 மே, முழு ஊரடங்கு. அப்பாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி. தெருமுனைப் பல் கிளினிக் பூட்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று அவர் வர மறுத்தார். சரி என்று மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். வலியும் காய்ச்சலும் அடங்கின, சீழ் அடங்கவில்லை.

நான்காம் நாள் தாடைக்கு அடியில் இருபுறமும் வீங்கிப் பலகைபோல் இறுகிவிட்டது. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேசுவது மாதிரி பேச்சு. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். படுத்தால் மூச்சு முட்டியது, குனிந்து உட்கார்ந்தே இரவைக் கழித்தார். நான் செய்ததெல்லாம் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்ததுதான். 97. "ஒண்ணுமில்லப்பா, காலைல பாத்துக்கலாம்."

நுரையீரல் கெட்டால் அந்த எண் மெல்ல மெல்ல இறங்கும். தொண்டை அடைபடும்போது கடைசிவரை நல்லபடியாகக் காட்டிவிட்டுத் திடீரென விழும். இதை டாக்டர் சொல்லித்தான் பின்னால் தெரிந்துகொண்டேன்.

காலையில் ஆஸ்பத்திரியில் காய்ச்சல், மூச்சுத்திணறல் என்றதும் கொரோனா வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வழியாகப் போன காது மூக்கு தொண்டை டாக்டர், சின்னப் பெண், அப்பாவின் நனைந்த துண்டைப் பார்த்து நின்றார். வாயைத் திறக்கச் சொன்னார். நாக்கு மேலண்ணத்தை முட்டிக்கொண்டிருந்தது.

லுட்விக் ஆஞ்சைனா, நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் வேகமாகப் பரவும் தொற்று என்றார். கடைவாய்ப் பல்லின் வேர் நாக்கைத் தாங்கும் தசைக்கும் கீழே இறங்கியிருக்குமாம். அதனால் சீழ் வாய்க்குள் உடையாமல் கழுத்துக்குள் பரவுகிறது. சர்க்கரை வேறு 380.

கொரோனா முடிவுக்குக் காத்திருக்கவில்லை. தொற்று இருப்பதாகவே வைத்துக்கொண்டு கவச உடையோடு இறங்கினார்கள். வாய்வழியாகக் குழாய் போட இடமில்லை, முழு மயக்கம் கொடுத்தால் மூச்சுப்பாதை மூடிவிடும். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, முழு நினைவோடு உட்காரவைத்தே கழுத்தில் துளையிட்டு, மூச்சுவிடக் குழாய் வைத்தார்கள். பிறகு கீறிச் சீழை எடுத்து, பல்லையும் பிடுங்கினார்கள். கொரோனா இல்லை என்று மறுநாள்தான் தெரிந்தது.

அறுவை முடிந்த நான்காம் நாள் மறுபடி காய்ச்சல். சீழ் நெஞ்சை நோக்கி இறங்குவதாக சிடி ஸ்கேனில் தெரிந்தது. முதல் கையெழுத்து வாங்கும்போதே இதைச் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இல்லை. மறுபடி கீறியபின் காய்ச்சல் இறங்கியது, சர்க்கரையும் இன்சுலினுக்கு வழிக்கு வந்தது.

குழாய் இருந்தவரை பேச்சில்லை. நர்ஸிடம் என் மகளின் சிலேட்டைக் கொடுத்தனுப்பினேன். அப்பா முதலில் எழுதியது: "பல் எங்கே?"

பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். ஊரடங்கு தளர்ந்ததும் மற்றப் பற்களைக் காட்டக் கூட்டிப்போனேன். இன்னும் இரண்டில் சொத்தை இருந்தது.