உணவு வங்கியில் ஒரு கன்சர்வேடிவ்

அமெரிக்காவில், வீணாகும் உணவைத் திரட்டி இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் ஓர் உணவு வங்கியின் நிர்வாக இயக்குநராக இருக்கிறேன். வாக்களிப்பது கன்சர்வேடிவ்களின், அதாவது பழமைவாதிகளின், குடியரசுக் கட்சிக்கு; என்னைச் சுற்றி இந்த வேலையில் இருக்கும் பலர் எதிர்ப்பக்கமான ஜனநாயகக் கட்சிக்காரர்கள். இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு சின்னத் தடுமாற்றம் வரும். "உங்களோடு பழகினால் அப்படித் தெரியவில்லையே" என்று பாராட்டாகவே சொன்னவர்களும் உண்டு.

யாரும் என்னை எதிர்த்துச் சண்டைக்கு வந்ததில்லை. நானும் தங்களைப் போலத்தான் நினைப்பேன் என்று எடுத்துக்கொண்டு பேசிவிடுவார்கள். சங்கடம் அங்கேதான். தேர்தல் முடிந்த மறுநாள், துறைசார் இயக்குநர்கள் கூடும் இணையவழிக் கூட்டம், "இன்று நம் எல்லோருக்கும் மனசு சரியில்லை என்று தெரியும்" என்று தொடங்கும். எனக்கு மனசு நன்றாகவே இருக்கும்; மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். எங்கள் அலுவலகத்திலும் இதே நிலைதான். மாடியில் மானிய விண்ணப்பம் எழுதுபவர்கள் அரசியலைத் தாராளமாகப் பேசுவார்கள். கீழே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்களிலும் லாரி ஓட்டுநர்களிலும் என்னைப் போல் வாக்களிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். மாடிக்கு வந்தால் வாய் திறக்க மாட்டார்கள். பசித்தவருக்கான பெட்டியைத் தினமும் தூக்கி வைப்பது அவர்கள்தான் என்பது வேறு விஷயம்.

இத்தனைக்கும் இந்த வேலையின் பூர்வீகம் கன்சர்வேடிவ்களான எங்களுக்கு அந்நியமானது இல்லை. 1967-ல் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் ஒரு கத்தோலிக்க ஆலயத்தின் உதவியோடு தொடங்கியதுதான் முதல் உணவு வங்கி. கடைகள் வீணாக்கும் உணவை வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுப்பது, அவ்வளவுதான் திட்டம். நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவர்மீது வழக்குப் பாயாமல் காக்கும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம், பில் எமர்சன் என்ற குடியரசுக் கட்சி எம்.பி.யின் பெயரைத் தாங்கியது; கையெழுத்திட்டவர் கிளின்டன். உணவு முத்திரை, அதாவது உணவு வாங்க அரசு தந்த கூப்பன், வாங்க ஏழைகளும் பணம் கட்ட வேண்டும் என்ற விதி 1977 சட்டத்தில் நீங்கியதற்கு பாப் டோலும் ஜார்ஜ் மெக்கவர்னும் சேர்ந்து உழைத்தார்கள். ஒருவர் கான்சஸ் குடியரசுக் கட்சிக்காரர், மற்றவர் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக இருந்தவர். புதிதாகச் சேரும் ஊழியர்களுக்கான அறிமுக வகுப்பில் இந்தக் கதைகளைச் சொல்வேன். வேண்டுமென்றேதான்.

சரி, என் பக்கத்து ஆட்களுக்கு வருகிறேன். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பெரிய காசோலையை நீட்டிக்கொண்டே, "அரசாங்கம் விலகினால் போதும், தேவாலயங்களும் உங்களைப் போன்றவர்களும் பார்த்துக்கொள்வீர்கள்" என்பார்கள். முடியாது. நாடு முழுவதும் உள்ள உணவு வங்கிகளின் கூட்டமைப்பு பல வருடங்களாகச் சொல்லும் கணக்கு இது: உணவு வங்கிகள் ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்தால், ஸ்னாப் என்னும் அரசு உணவு உதவித் திட்டம் ஒன்பது வேளைக்குக் கொடுக்கிறது. அந்த ஒன்பதில் இரண்டு எங்கள் தலையில் விழுந்தால்கூடக் கிடங்கு தாங்காது. நன்கொடையாளரிடம் இதைச் சொல்லும்போது அவர் பேனாவை மூடிவிடுவாரோ என்ற பயம் இருக்கும். இதுவரை அப்படி யாரும் செய்யவில்லை. கணக்குப் பேசினால் வியாபாரிகளுக்குப் புரிகிறது.

வேலை நிபந்தனை விஷயம்தான் எனக்கு உள்ளுக்குள் அதிகம் உறுத்துவது. உடலில் தெம்புள்ள, வீட்டில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இல்லாத வயதுவந்தவர்கள் மாதம் 80 மணி நேரமாவது வேலையோ பயிற்சியோ செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 36 மாதத்தில் 3 மாதம் மட்டுமே ஸ்னாப் உதவி. 1996 சீர்திருத்தத்தில் வந்த விதி. கொள்கையாக நான் இதை ஏற்கிறேன், இன்றும். உழைப்பு ஒரு மனிதனை நிமிர்த்துகிறது என்று நம்புகிறவன் நான். ஆனால் எங்கள் வரிசையில் நிற்பவர்களில் ஒருவருக்கு ஒரு வாரம் முப்பது மணி நேர ஷிஃப்ட் கிடைக்கிறது, அடுத்த வாரம் ஒன்பது மணி நேரம்தான். மணிக்கணக்கை முடிவு செய்வது முதலாளியின் கணினி, தண்டனை இவருக்கு. விதி இருக்கட்டும், ஒரே மாதத்தை வைத்து முடிவு செய்யாமல் சில மாதங்களின் சராசரியைப் பாருங்கள் என்று என் கட்சிக்காரர்களிடமே வாதாடுகிறேன். மாடியில் இருப்பவர்களுக்கு நான் விதியை ஏற்பது பிடிக்காது, கட்சிக்காரர்களுக்கு நான் 'ஆனால்' போடுவது பிடிக்காது.

என் அரசியல் வேலையில் எங்கே உதவுகிறது என்றால், சின்ன அமைப்புகள் விஷயத்தில். ஆலய அடித்தளத்தில் ஓய்வுபெற்றவர்கள் நாலு பேர் நடத்தும் உணவு வழங்கும் இடம் ஒன்று எங்களிடம் பொருள் எடுக்கிறது. வருகிறவர்களின் பெயர், பிள்ளைகளின் பள்ளி, யாருக்குச் சர்க்கரை நோய் என்பதுவரை அவர்களுக்கு அத்துப்படி. அவர்களும் புது மென்பொருளில் எல்லா விவரத்தையும் ஏற்ற வேண்டும் என்றது எங்கள் குழு. நான் மறுத்தேன். மானியத்துக்குச் சட்டப்படி தேவையான விவரம் போதும், மீதியை அவர்கள் நோட்டுப் புத்தகத்திலேயே எழுதட்டும். அருகில் இருப்பவருக்குத் தெரிந்ததைத் தூரத்தில் இருக்கும் படிவம் கற்றுத்தர முடியாது என்பதே என் கன்சர்வேடிவ் கொள்கையின் பாதி.

அப்புறம் அறிக்கைகள். நாட்டில் ஏதாவது பெரிதாக நடந்தால் "நாம் ஏன் மௌனமாக இருக்கிறோம்?" என்று மின்னஞ்சல் வரும். எங்களைப் போன்ற அறக்கட்டளைகள் வேட்பாளர் யாரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்பது 1954-லிருந்து சட்டம். கொண்டுவந்தவர் லிண்டன் ஜான்சன், அப்போது செனட்டர். கொள்கை பற்றிப் பேச அந்தச் சட்டம் தடை சொல்லவில்லை. அதனால் நானே ஒரு வரம்பு போட்டுக்கொண்டேன்: பசியைத் தொடும் விஷயமென்றால் பேசுவோம், மற்றதற்கு ஊழியர்கள் தங்கள் சொந்தப் பெயரில் பேசட்டும். எனக்குப் பிடித்த தீர்ப்பு வந்தாலும் இதே பதில்தான்.

என் துணை இயக்குநர் எனக்கு நேர் எதிராக வாக்களிப்பவர். வரிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்களுக்குள் மதிய உணவு இடைவேளை போதாது. மாநிலச் சட்டமன்றத்தில் பள்ளிச் சாப்பாடு பற்றிய மசோதா வரும்போது மட்டும் ஒரே காரில் போவோம். அவர் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களின் அறைகளுக்கு, நான் மற்ற வரிசைக்கு. கையில் இருக்கும் துண்டுப் பிரசுரம் ஒன்றுதான். நான் முதலில் செலவுக் கணக்குப் பக்கத்தைத் திறப்பேன், அவர் குழந்தைகள் பக்கத்தை.